கிறிம்சே: வடதுருவ வட்டத்து மீன்பிடித் தீவொன்றின் உடைமை வரலாறு

1

தொலைதூரத் தீவுக் குடியிருப்புகளைப்பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இயற்கையிலே தொடங்கி இயற்கையிலேயே முடித்துவிடுகின்றனர். பனி, புயல், நீண்ட இருள், கொந்தளிக்கும் கடல், இவற்றின் நடுவே அஞ்சாது வாழும் மனிதன் என்ற சித்திரம் கவர்ச்சியானதுதான். ஆயின் அச்சித்திரத்தில் ஒரு வினா எழுவதேயில்லை. அம்மனிதன் பிடித்த மீன் யாருக்குச் சொந்தமாயிற்று என்பதே அவ்வினா. குளிரும் காற்றும் ஒரு தீவின் வாழ்க்கையைக் கடினமாக்கலாம். ஆனால் அங்கு குடியிருப்பு நிலைபெறுமா, குலைந்துபோகுமா என்பதைத் தீர்மானிப்பதில் உடைமை உறவுகளுக்கு உள்ள பங்கு இயற்கையின் பங்கிற்குக் குறைந்ததன்று. ஐஸ்லாந்தின் வட கரைக்கு அப்பால் உள்ள கிறிம்சே என்னும் சிறு தீவின் வரலாற்றை எடுத்துக்கொண்டு இக்கருத்தினை இங்கு ஆராய முனைகின்றோம்.

கிறிம்சே ஏறத்தாழ ஐந்து சதுர கிலோமீற்றர் பரப்புடையது. பெருநிலத்திலிருந்து சுமார் நாற்பது கிலோமீற்றர் தொலைவிலே, வடதுருவ வட்டம் தன்மீது செல்லுமாறு அமைந்துள்ளது. கிழக்குப் புறம் செங்குத்தான பாறைச் சுவர். தென்மேற்குப் புறம் கடலை நோக்கித் தாழும் புல்வெளி. அங்கேதான் சண்ட்விக் என்னும் குடியிருப்பும் துறையும் உள்ளன. மரங்கள் இல்லை. கட்டட வேலைக்கு வேண்டிய மரத்தைக் கடல் கொண்டுவந்து ஒதுக்கவேண்டியிருந்தது. 1867ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட தேவாலயமும் அவ்வாறு ஒதுங்கிய மரத்தாலானதே. கோடையில் இரவென்பதில்லை, மார்கழியில் பகலென்று சொல்லத்தக்கது மிகச் சொற்பம்.

இத்தகைய இடத்தில் மனிதர் ஏன் குடியேறினர்? விடை எளிது. உணவு அங்கே நிறைந்திருந்தது. தீவைச் சூழ்ந்த கடலிலே கொட் மீன் மிகுதி. கிழக்குப் பாறைகளிலே இலட்சக்கணக்கான கடற்பறவைகள் கூடுகட்டின. இளவேனிற் காலத்தில் ஆடவர் இடுப்பிலே கயிறு கட்டிப் பாறை முகத்தில் இறங்கி முட்டை எடுத்தனர். மேலே நின்றோர் கயிற்றைத் தாங்கினர். பறவையின் இறைச்சியும் இறகும் பயன்பட்டன. புல்வெளியிலே ஆடுகள் மேய்ந்தன. பெருநிலத்தின் உட்பகுதி விவசாயி பஞ்சத்தால் வாடிய காலங்களில், கடலும் பாறையும் தீவாருக்கு ஏதேனும் கொடுத்துக்கொண்டேயிருந்தன. எனவே, இத்தீவினை வறிய தீவு என்று தொடக்கத்திலேயே முடிவுகட்டிவிடுதல் தவறாகும். வறுமை அங்கே பின்னர் உண்டாக்கப்பட்டது. எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதே நாம் காணவேண்டியது.

2

கிறிம்சே எழுத்திலக்கியத்தில் இடம்பெறும் மிகப் புகழ்பெற்ற சந்தர்ப்பம் ஸ்னோறி ஸ்தூர்லுசன் 1230ஆம் ஆண்டளவில் தொகுத்த ஹெய்ம்ஸ்கிறிங்லா என்னும் நோர்வே அரசர் வரலாற்றில் வருகின்றது. அக்காலத்து ஐஸ்லாந்தில் அரசன் இல்லை. அல்திங் என்னும் பேரவையும் குலத்தலைவர்களுமே அதிகாரம் செலுத்தினர். 1024ஆம் ஆண்டளவில் நோர்வே அரசன் ஓலாவ் தன் தூதன் மூலம் அல்திங்கிலே கிறிம்சேயை நட்பின் அடையாளமாகத் தனக்குத் தரும்படி கேட்டான் என ஸ்னோறி எழுதுகிறார். வடபகுதித் தலைவர்கள் பலர் இணங்கும் நிலையிலிருந்தனர். எய்னார் என்ற தலைவன் மாத்திரம் எழுந்து மறுத்தான். இன்றைய அரசன் நல்லவனாயிருக்கலாம், ஆனால் அரசர்கள் மாறுவார்கள், கொடுத்த உரிமை மீளாது என்பது அவனது வாதத்தின் சாரம். தீவிலே அந்நியப் படையொன்று தங்கினால் வடகரை முழுவதும் அச்சத்தில் வாழ நேரிடும் என்றும் அவன் எச்சரித்தான். தீவு கொடுக்கப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேசிய எழுச்சியின்போது இவ்வுரை சுதந்திரத்தின் குரலாகப் போற்றப்பட்டது. 1949இல் ஐஸ்லாந்து நேட்டோவிற் சேர்ந்தபோதும், 1951இல் அமெரிக்கப் படைத்தளத்திற்கு இடமளித்தபோதும் எழுந்த எதிர்ப்புக்கு இப்பழைய வாதம் இயல்பாகவே பொருந்திற்று. அந்நிய ஆதிக்கத்தை எதிர்க்கும் உரை என்ற வகையில் அதன் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், இலக்கியச் சான்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது அது சொல்வதையும் சொல்லாது விடுவதையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

முதலாவதாக, தீவைக் கேட்டவன் தீவாரிடம் கேட்கவில்லை. மறுத்தவனும் தீவானல்லன். அவன் பெருநிலத்திலே வளமான பண்ணையொன்றின் தலைவன். தீவிலே வாழ்ந்தோர் ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டாவதாக, அவ்வுரையிலே ஒரு சிறு நிபந்தனை வாசகம் உண்டு. கிறிம்சேயிலிருந்து உணவாகத்தக்க எதுவும் வெளியே கொண்டுசெல்லப்படாவிட்டால் அங்கு ஒரு படையையே ஊட்டிவிடலாம் என்ற கருத்தினை எய்னார் கூறுகின்றான். உரையைப் போற்றுவோர் படையைக் கவனித்தனர்; நாம் நிபந்தனையைக் கவனிக்கின்றோம். ஒரு படைக்குப் போதுமான உணவை விளைக்கும் தீவு, ஆண்டுதோறும் அவ்வுணவை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது என்பதல்லவா அதன் பொருள்? உபரி உற்பத்தி என்ற பொருளியல் உண்மை இங்கு இராணுவ வாதம் ஒன்றின் இடையே தற்செயலாக வெளிப்பட்டுவிடுகின்றது.

இக்கணிப்பு ஸ்னோறியின் காலத்துக்கே உரியது எனக் கருதவும் இடமுண்டு. 1222இல் ஹோலார் ஆயர் குத்முந்தூர் அறசன், தம்மைப் பின்தொடர்ந்த பெருங்கூட்டத்தோடு இத்தீவிலேயே அடைக்கலம் புகுந்தார். அக்கூட்டத்தில் ஏழைகளும் வீடற்றோரும் மலிந்திருந்தனர். அவரைத் துரத்திவந்து தாக்கியோர் ஸ்னோறியின் சகோதரனும் அவன் மகனுமே. தீவினால் எத்தனை வாய்களுக்கு ஊட்டமுடியும் என்பதை அக்குடும்பம் நேரில் அறிந்திருந்தது. ஸ்னோறியும் 1218 முதல் 1220 வரை நோர்வேயிலே தங்கி அரச பதவி பெற்றுத் திரும்பியவர். அரசனுக்கும் தலைவர்களுக்கும் இடையிலான பேரத்தை உள்ளிருந்தே கண்ட ஒருவர் எழுதிய உரை இது. அப்பேரம் 1262க்கும் 1264க்கும் இடையில் ஐஸ்லாந்துத் தலைவர்கள் நோர்வே முடிக்குப் பணிந்ததோடு முடிவுற்றது.

3

அரசனுக்குக் கொடுக்கப்படாத தீவு யாருக்குக் கிடைத்தது? இதற்கான விடை வரலாற்றின் நகைமுரண் எனத்தகும். எய்னார் வாழ்ந்த பண்ணையிலேயே 1155இல் முன்காத்வேரா என்னும் மடாலயம் நிறுவப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே மோத்ருவெட்லிர் என்னும் மற்றொரு மடாலயம் தோன்றிற்று. காலப்போக்கில் கிறிம்சேயின் நிலங்கள் இவ்விரு மடங்களின் உடைமைகளாயின. தீவார் குத்தகைக் குடிகளாயினர். தாம் பிறந்த வீட்டுக்கும், ஆடு மேயும் புல்லுக்கும், முட்டை எடுக்கும் பாறைக்கும் அவர்கள் வாரம் செலுத்தவேண்டியிருந்தது. நாணயம் அரிதாயிருந்த அந்நாட்டில் மீனே மதிப்பின் அளவுகோல்களுள் ஒன்றாக விளங்கிற்று. காற்றிலே உலர்த்திய கருவாடு பண்டமாகவும் பணமாகவும் கைமாறியது.

1550இல் ஹோலார் ஆயர் யோன் அறசன் சிரச்சேதம் செய்யப்பட்டதோடு சமயச் சீர்திருத்தம் நிறைவேறிற்று. மடங்களின் சொத்துகள் டென்மார்க்கு முடியின் கைக்குச் சென்றன. ஆண்டவன் பெயரால் வாங்கப்பட்ட வாரம் அரசன் பெயரால் வாங்கப்பட்டது. குடியானவனைப் பொறுத்தவரை மாற்றம் அவ்வளவே. தீவை ஓர் அரசனுக்குக் கொடுக்கலாகாது என்று எய்னார் வாதித்து ஐந்து நூற்றாண்டுகளின் பின், வேறோர் அரசன் ஒரு பேச்சுமின்றி அதனைப் பெற்றான்.

1602 முதல் 1787 வரை நிலவிய டேனிய வாணிக ஏகபோகம் இச்சுரண்டலை மேலும் இறுக்கிற்று. விலைகள் அரச ஆணையால் நிர்ணயிக்கப்பட்டன. ஐரோப்பியச் சந்தையில் நல்ல விலை பெற்ற மீனுக்குக் குறைந்த விலையும், சந்தையில் மதிப்புக் குறைந்த பண்ணைப் பொருள்களுக்குச் சார்பான விலையும் வைக்கப்பட்டன. இவ்விலையமைப்பு ஐஸ்லாந்து நிலவுடைமையாளரின் நலனுக்கும் உகந்ததாயிருந்தது என்பதைப் பொருளியல் வரலாற்றாசிரியர் கிஸ்லி குன்னர்சன் 1983இல் வெளியிட்ட ஆய்விலே வலியுறுத்தியுள்ளார். மீன்பிடி தனியான, இலாபமுள்ள தொழிலாக வளர்ந்தால் பண்ணைகளை விட்டு உழைப்பாளர் கரைக்குச் சென்றுவிடுவர்; கூலி உயரும். ஆகவே மீன்பிடி பண்ணைக்கு அடங்கிய பருவகாலத் தொழிலாகவே நிறுத்திவைக்கப்பட்டது.

இதற்குச் சட்ட வடிவம் கொடுத்ததே பண்ணைப் பிணைப்பு முறையாகும். 1490இல் வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பு, குறிப்பிட்ட அளவு சொத்தில்லாதோர் தனிக் குடித்தனம் நடத்தலாகாது, ஏதேனும் ஒரு பண்ணையில் வேலையாளாகச் சேரவேண்டும் என விதித்தது. ஆண்டுதோறும் ஒப்பந்தம், எசமான் அனுப்பும் இடத்திற்கே வேலையாள் செல்லவேண்டும், எசமானின் வள்ளத்தில் அவன் பிடித்த மீனின் பங்கு எசமானுக்கே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை, குறிப்பாக 1894ஆம் ஆண்டுச் சட்டம் வரை, இம்முறை பெரிதும் தளரவில்லை. நிலமற்ற மீனவன் என்ற சுதந்திர மனிதன் சட்டத்தின் கண்ணில் நானூறு ஆண்டுகளாக இருக்கமுடியாதவனாயிருந்தான்.

இக்காலப் பகுதியிலே தீவின் சனத்தொகை பெருகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுரையீரற் காய்ச்சலும் கடல் விபத்தும் சேர்ந்து குடியிருப்பை ஏறத்தாழ அழித்துவிட்டன. ஒரே நாளில் ஒரு வள்ளம் கவிழ்ந்தால் ஒரு தலைமுறை ஆடவரே இல்லாதுபோகக்கூடிய சிறு சமூகம் அது. இயற்கையின் கொடுமை என்று இதனைச் சொல்வர். உண்மைதான். ஆயினும் துடுப்பால் வலிக்கும் திறந்த வள்ளத்தைவிட மேலான எதனையும் கட்டுவதற்குரிய உபரி, வாரமாகவும் வாணிகமாகவும் ஆண்டுதோறும் தீவைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

4

கிறிம்சேயைப்பற்றிப் பிரயாண நூல்களில் மீண்டும் மீண்டும் வரும் கதை வில்லார்ட் ஃபிஸ்க் என்னும் அமெரிக்கப் புலமையாளரின் கதையாகும். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பணியாற்றிய அவர் 1879இல் ஐஸ்லாந்துக்குச் சென்றார். கப்பலிலிருந்து கிறிம்சேயைக் கண்டார், கரையில் இறங்கவில்லை. தீவார் சதுரங்க ஆட்டத்திற் பெருவிருப்புடையோர் எனக் கேள்வியுற்றுச் சதுரங்கப் பெட்டிகளை அனுப்பினார், நூல்களை அனுப்பினார். 1904இல் அவர் இறந்தபோது தீவாருக்கென்று 12,000 டொலர் விட்டுச்சென்றமை தெரியவந்தது. நூலகமும் பாடசாலையும் அக்கொடையின் நினைவோடு இணைந்தவை. அவர் பிறந்த நாளாகிய நவம்பர் 11ஐத் தீவார் இன்றும் கொண்டாடுகின்றனர்.

ஃபிஸ்க்கின் அன்பு போலியானதன்று. ஐஸ்லாந்து இலக்கியத்துக்கு அவர் சேகரித்த நூற்றொகுதி கோர்னெலில் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றது. ஆனால் அவரது செல்வத்தின் ஊற்றினையும் நோக்கவேண்டும். அது பெரும்பாலும் அவர் மனைவி ஜெனி மக்கிறோவிடமிருந்து வந்தது. ஜெனியின் தந்தை அமெரிக்கக் காடுகளை வெட்டி விற்றுப் பொருளீட்டிய மரவாணிகர். 1881இல் ஜெனி இறந்தபின் அச்சொத்துக்காகப் பல்கலைக்கழகத்தோடு நிகழ்ந்த வழக்கு 1890இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் ஃபிஸ்க் சார்பாக முடிந்தது. ஒரு கண்டத்தின் காடுகள் மூலதனமாகி, அதன் சிறு துளி மரமே இல்லாத தீவொன்றிற்கு நன்கொடையாக வந்து சேர்ந்தது.

தீவார் அந்நன்கொடையை நன்றியோடு பயன்படுத்தினர். அதில் இழிவில்லை. எமது கவனத்துக்குரியது வேறொன்று. பல நூற்றாண்டுகளாகத் தீவிலிருந்து வெளியே சென்ற மீனைப்பற்றி யாரும் விழாவெடுப்பதில்லை. ஒருமுறை உள்ளே வந்த பணத்துக்கு ஆண்டுதோறும் விழா நடக்கின்றது. சுரண்டல் நாள்தோறும் நிகழ்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொடை அரிதாக நிகழ்வதால் கதையாகிவிடுகின்றது.

5

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் ஒரு திருப்பமாகும். 1902இல் ஐஸ்லாந்தின் மேற்குப் பகுதியில் முதலாவது வள்ளத்துக்கு இயந்திரம் பொருத்தப்பட்டது. சில ஆண்டுகளிலே இயந்திர வள்ளம் கரையெங்கும் பரவிற்று. உப்பிட்ட கருவாடு தென் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயிற்று. பண்ணைப் பிணைப்பிலிருந்து விடுபட்ட உழைப்பாளர் மீன்பிடிக் கிராமங்களிலே கூலித் தொழிலாளராயினர், தொழிற்சங்கங்கள் தோன்றின. இம்மாற்றத்தின் இலக்கியப் பதிவாக ஹல்தோர் லக்ஸ்னெஸின் சல்கா வல்கா நாவலைக் கொள்ளலாம். 1931, 1932ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த அந்நாவல் கற்பனைக் கிராமமொன்றில் மீன் கழுவும் பெண்ணொருத்தியின் வாழ்வினூடாக வணிகனின் கணக்குப் புத்தகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையிலான போராட்டத்தைக் காட்டுகின்றது. சாகாவில் பேசாதிருந்தோர் நாவலிலே பேசுகின்றனர். அதே லக்ஸ்னெஸ் 1952இல் வெளியிட்ட கெர்ப்லாவில், கிறிம்சேயைக் கேட்ட ஓலாவ் அரசனையே அங்கதத்துக்கு உள்ளாக்கினார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இயந்திரத்தின் வருகையோடு கிறிம்சேயில் உண்மையான மீன்பிடிக் குடியிருப்பு உருவாயிற்று. மீன் நிலங்கள் அருகிலேயே இருந்தமை தீவின் பலமாயிற்று. பெருநிலப் படகுகள் நெடுநேரம் ஓடி அடையும் கடலிலே தீவார் வீட்டு வாசலிலிருந்தே தொழில் செய்தனர். நாடு முழுவதற்கும் பொதுவான போராட்டமொன்றும் அவர்களுக்குத் துணைநின்றது. ஐஸ்லாந்து தன் கடல் எல்லையை 1958இல் 12 மைலாகவும், 1972இல் 50 மைலாகவும், 1975இல் 200 மைலாகவும் விரித்தது. பிரித்தானியப் போர்க்கப்பல்களின் பாதுகாப்போடு வந்த இழுவைப் படகுகளின் வலைக்கம்பிகளை ஐஸ்லாந்துக் காவற்படகுகள் அறுத்தன. 1976இல் பிரித்தானியா பின்வாங்கிற்று. சிறிய தேசமொன்று ஏகாதிபத்திய வல்லரசொன்றிடமிருந்து தன் கடலை மீட்ட வெற்றி அது.

கடல் தேசத்துக்கு மீண்டது. ஆனால் தேசத்துக்குள்ளே அது யாருக்கு உரியதாயிற்று என்ற வினா மிச்சமிருந்தது.

6

மீன் வளம் எல்லையற்றதன்று என்பதை 1960களின் இறுதியில் ஹெறிங் மீன் திரள் அழிந்தமை உணர்த்திற்று. கொட் மீனும் குறைந்துவந்தது. பிடிக்கும் அளவைக் கட்டுப்படுத்துவது தவிர்க்கமுடியாததாயிற்று. 1984இல் ஒதுக்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. முந்திய மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு படகும் பிடித்த அளவை அடிப்படையாகக் கொண்டு எதிர்கால மீனில் அதற்குரிய பங்கு வகுக்கப்பட்டது. பங்கு கிடைத்தது படகுச் சொந்தக்காரருக்கு மாத்திரமே. அதே படகில் உயிரைப் பணயம் வைத்துத் தொழில் செய்தவனுக்கும், கரையிலே மீனை வெட்டி உப்பிட்ட பெண்ணுக்கும் அவ்வரலாற்றிற் பங்கில்லை எனக் கொள்ளப்பட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் இப்பங்குகளைத் தாராளமாக விற்கவும் வாங்கவும் வழிசெய்தது. மீன் வளம் தேசத்தின் பொதுச் சொத்து என்று அச்சட்டத்தின் முதற் பிரிவே கூறுகின்றது. பிரகடனம் பொதுவுடைமை, நடைமுறை தனியுடைமை என்ற முரண்பாட்டை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அரிது.

இம்முறையை ஆதரிப்போரின் வாதத்தை நாம் புறக்கணிக்கவில்லை. மீன் திரள்கள் காக்கப்பட்டன, தொழில் இலாபகரமாயிற்று என்பர். அதில் உண்மை உண்டு. ஆனால் பிடிக்கும் அளவுக்கு எல்லை வகுத்தல் வேறு. அவ்வெல்லைக்குட்பட்ட உரிமையைச் சந்தைச் சரக்காக்குதல் வேறு. முன்னையது இயற்கை விதித்த தேவை. பின்னையது ஒரு வர்க்கத்தின் தேர்வு. இரண்டையும் ஒன்றெனக் காட்டுவதிலேயே இம்முறையின் கருத்தியல் வலிமை தங்கியுள்ளது. இலவசமாகக் கிடைத்த முதற் பங்கைப் பின்வந்த மீனவர் விலைகொடுத்து வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நேர்ந்தது. இதனை எதிர்த்து இரு மீனவர் செய்த முறைப்பாட்டின்மீது, 2007இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவின் பெரும்பான்மையினர், முதல் உரிமையாளருக்கு நிரந்தரச் சலுகை வழங்குவது சமத்துவக் கோட்பாட்டுக்கு முரணானது எனக் கருத்துரைத்தனர். சொத்துரிமையின் அடித்தளம் அதனால் அசையவில்லை.

கிறிம்சேயில் இதன் விளைவு படிப்படியாக வெளிப்பட்டது. தீவின் சிறு குடும்ப நிறுவனங்கள் தொழிலைத் தொடரும்பொருட்டு வங்கிக் கடன் பெற்று ஒதுக்கீடு வாங்கின. 2008 ஒக்டோபரில் நாட்டின் மூன்று பெரும் வங்கிகளும் சரிந்தன, நாணயம் வீழ்ந்தது, கடன் பாரமாயிற்று. ஈற்றில் 2015இல் தீவுக்குரிய ஒதுக்கீட்டின் பெரும் பகுதி பெருநில நிறுவனமொன்றிற்கு விற்பனையாயிற்று. மீன் முன்போலவே தீவைச் சூழ்ந்து நீந்துகின்றது. ஆனால் அதிற் பெரும்பங்கைப் பிடிக்கும் உரிமை தீவிலே இல்லை. விற்றவர்களைக் குற்றஞ்சாட்டுவது எளிது. ஒரு சமூகத்தின் உயிர்நாடியைத் தனியாளின் கடனுக்கு ஈடாக வைக்க அனுமதித்த அமைப்பே விசாரணைக்குரியது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நூறு பேரளவில் வாழ்ந்த தீவில் இப்போது பதிவிலுள்ளோர் ஏறத்தாழ அறுபதின்மரே. மாரியில் தங்குவோர் அதனினும் குறைவு. 2009இல் தீவின் ஊராட்சி அகுரேரி நகரோடு இணைக்கப்பட்டது. பிள்ளைகள் போதாமையாற் பாடசாலை மூடப்பட்டது. 2015இல் அரசு நலிவுற்ற குடியிருப்புகளுக்கான திட்டத்தில் இத்தீவைச் சேர்த்து உதவ முன்வந்தது. ஒரு கையால் உரிமை வெளியேற வழிவிட்டு, மறு கையால் மானியம் வழங்கும் முறை ஃபிஸ்க்கின் காலத்துக் கொடையை நினைவூட்டுகின்றது.

7

2021 செப்ரெம்பரில் ஓர் இரவு, ஒதுங்கிய மரத்தாலான பழைய தேவாலயம் தீக்கிரையாயிற்று. சில பத்துப் பேரே வாழும் இடத்தில் அதனை மீண்டும் கட்டுவானேன் எனக் கேட்டிருக்கலாம். தீவார் கட்டினர், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் உதவி சேர்ந்தது. தங்கி வாழ்வதென்ற முடிவை ஒரு சமூகம் வெளிப்படுத்தும் முறை இது. மனத்திண்மை அங்கே குறைவுபடவில்லை என்பதற்கு இதனிலும் சான்று வேண்டியதில்லை.

இன்று கோடையிற் பயணிகள் வருகின்றனர். வடதுருவ வட்டத்தைக் கடந்ததற்குச் சான்றிதழ் பெறுகின்றனர். 2017இல் அக்கோட்டினைக் குறிக்கப் பெரியதொரு கொங்கிறீற்றுக் கோளம் நிறுவப்பட்டது. பூமியின் அச்சுச் சாய்வு மெல்ல மாறுவதால் அக்கோடு ஆண்டுக்குச் சுமார் பதினைந்து மீற்றர் வடக்கே நகர்கின்றது. இந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது தீவைவிட்டே நீங்கிவிடும். அது வானியலின் விதி. யாரும் அதனைத் தடுக்கவியலாது. குடியிருப்பு நீங்குவது அவ்வகையான விதியன்று. மடமும் முடியும் வணிகனும் வங்கியும் வெவ்வேறு பெயர்களில் கொண்டிருந்த உரிமை மனிதரால் ஆக்கப்பட்டது, மனிதரால் மாற்றத்தக்கது. மீன்பிடிக்கும் உரிமையின் ஒரு பகுதியை விற்கமுடியாதபடி குடியிருப்புக்கே உரித்தாக்குதல் சாத்தியமானதே. 2009 முதல் கோடைக்காலச் சிறுபடகு மீன்பிடிக்கு ஒதுக்கீடின்றி இடமளிக்கப்பட்டு வருவது, சிறு அளவிலேனும், சட்டத்தை வேறு விதமாகவும் எழுதலாம் என்பதைக் காட்டுகின்றது.

எய்னாரின் நிபந்தனை வாசகத்துக்கு மீண்டும் வருவோம். உணவு வெளியே செல்லாவிட்டால் கிறிம்சே ஒரு படையை ஊட்டும் என்றான் அவன். அத்தீவு அறுபது பேரை ஊட்டமுடியாத நிலைக்கு வந்தது எவ்வாறு என்று கேட்பவர், கடலின் குளிரை அளப்பதோடு நின்றுவிடாது, பத்து நூற்றாண்டுகளாக வெளியே சென்றவற்றின் கணக்கையும் எடுத்துப் பார்க்கவேண்டும்.